‘ரோஜர்’ சொல்ல ஆள் வேண்டுமா?

ஏ.ஐ. வந்தால் எந்தெந்த வேலை காலி என்று மாதத்துக்கு ஒரு பட்டியல் வந்துகொண்டே இருக்கிறது. கணக்கு எழுதுகிறவர், கால் சென்டரில் பேசுகிறவர், மொழிபெயர்ப்பவர் என்று வழக்கமான ஆட்கள்தான் அதில் இருப்பார்கள். பி.காம். வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்குவதும் இந்தப் பட்டியல்தான். ஆனால் அதில் கண்ணில் படாத வேலை ஒன்று உண்டு. விமானத்துக்கும் தரைக்கும் நடுவே ரேடியோ பேச்சு அறுந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது; பட்டியல் போடுகிறவர்களுக்கு மட்டும் எப்படி ஞாபகம் வரும்?

சினிமாவில் பார்த்ததை வைத்து விமானி ஒரு பக்கம், கோபுரத்தில் ஹெட்போன் மாட்டிய கன்ட்ரோலர் மறுபக்கம், அவ்வளவுதான் என்று நினைப்போம். அந்த ஹெட்போனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையத்தில் சி.என்.எஸ். என்று ஒரு பிரிவு. தகவல் தொடர்பு, வழிகாட்டல், கண்காணிப்பு மூன்றும் அதன் கையில். ரேடியோ பெட்டிகள், பேச்சைப் பதிவு செய்யும் கருவிகள், ரேடார், விமானத் திட்டங்களை ஊர் ஊருக்கு அனுப்பும் கணினிகள் எல்லாம் இவர்கள் பொறுப்பு. எலக்ட்ரானிக்ஸ் படித்த பொறியாளர்களை அண்மை ஆண்டுகளில் கேட் மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறார்கள். பிரயாக்ராஜில் இதற்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. (பி.காம். மக்கள் ஏங்க வேண்டாம், இந்தக் கதவு நமக்குத் திறக்காது :-) )

வேலையின் கஷ்டம் புரிய வேண்டுமானால் அலைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நிலத்துக்கு மேலே பறக்கும்போது விமானங்கள் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் அலை நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் உயரத்தில் பறக்கும் விமானமே ஆனாலும் சுமார் 200 கடல் மைலுக்கு அப்பால் கேட்காது. நடுக்கடலில் என்ன செய்வது? பழைய சிற்றலை ரேடியோதான். இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்த இரைச்சலும் ஏற்ற இறக்கமும் எப்படி இருக்கும் என்று. அந்த இரைச்சலுக்குள்தான் விமானி தன் இடத்தையும் உயரத்தையும் சொல்ல வேண்டும்.

அட்லாண்டிக்கின் கிழக்குப் பாதியில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. கன்ட்ரோலர்கள் இருப்பது ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில். சிற்றலையில் விமானிகளோடு பேசும் ரேடியோ ஆபரேட்டர்கள் இருப்பது அயர்லாந்தின் பாலிகிரீனில். விமானி சொல்வதை ஆபரேட்டர் கேட்டு, தட்டச்சு செய்து, கன்ட்ரோலருக்கு அனுப்புவார். பதிலும் அதே வழியாகத் திரும்பும். விமானியும் கன்ட்ரோலரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்காமலேயே கடலைத் தாண்டிவிடலாம்.

இந்த நடு ஆளின் வேலை ஏ.ஐ. என்ற பேச்சு எழும் முன்பே சுருங்க ஆரம்பித்துவிட்டது. விமானியும் கன்ட்ரோலரும் எஸ்.எம்.எஸ். போல எழுத்தில் பேசிக்கொள்ளும் சி.பி.டி.எல்.சி. முறை வந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா கட்டுப்பாட்டு மையங்களும் கடற்பகுதியில் இதைப் பயன்படுத்துகின்றன. அதற்கும் முன்னால் விமானத்துக்குள்ளேயே ரேடியோ ஆபரேட்டர் என்று தனியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். கருவிகள் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்ததும் பெரும்பாலான நாடுகளில் அந்த நாற்காலியைக் கழற்றிவிட்டார்கள்.

அதற்காக அழ வேண்டியதில்லை. நடுவில் ஒரு மனிதர் இருந்தாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் சர்க்கி தாத்ரியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

1996 நவம்பர் 12, மாலை. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதியா போயிங் 747 மேலேறிக்கொண்டிருந்தது. கஜகஸ்தானிலிருந்து வந்த இல்யூஷின்-76 இறங்கிக்கொண்டிருந்தது. முன்னதற்கு 14,000 அடி, பின்னதற்கு 15,000 அடி என்று கன்ட்ரோலர் சொல்லியிருந்தார். எதிரே விமானம் வருகிறது என்றும் கஜக் விமானத்தை எச்சரித்திருந்தார். அந்த விமானத்தில் தரையோடு ஆங்கிலத்தில் பேசியது விமானிகள் இல்லை, தனி ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. ஆபரேட்டர் கடைசி நொடிகளில் அதைக் கவனித்து மேலே ஏறச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. இரண்டு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். அன்று டெல்லியில் இருந்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாத பழைய வகை. அதனால் கீழே இருந்தவருக்கும் எதுவும் தெரியவில்லை. நீதிபதி லகோதி தலைமையிலான விசாரணை, கஜக் விமானம் அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது. அந்தக் குழுவினரின் ஆங்கில அறிவு போதாமையையும் சுட்டிக்காட்டியது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் மெஷினிடம் கொடுத்துவிடலாமே? இங்கேதான் ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விமான ரேடியோவில் நடப்பதைச் செய்தி அனுப்பும் வேலை என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி.

‘பத்தாயிரம் அடிக்கு இறங்கு’ என்று கன்ட்ரோலர் சொன்னால், விமானி ‘ரோஜர்’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ‘பத்தாயிரம் அடிக்கு இறங்குகிறேன்’ என்று தன் விமானத்தின் பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். கன்ட்ரோலர் அதைக் கேட்டு, தான் சொன்னதும் இதுவும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். கணக்கியல் படித்தவர்களுக்கு இது உடனே புரியும், இரட்டைப் பதிவு முறையேதான். ஒரே தொகை இரண்டு இடத்தில், இரண்டு கையால் ஏற வேண்டும். பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்தித் தேட வேண்டும். எண்களை உச்சரிப்பதற்குக்கூட விதி இருக்கிறது: த்ரீ ‘ட்ரீ’ ஆகும், ஃபைவ் ‘ஃபைஃப்’ ஆகும், நைன் ‘நைனர்’ ஆகும்.

இந்த விதிகள் இவ்வளவு இறுகியதற்குப் பெரிய காரணம் 1977 மார்ச் 27. டெனெரிஃப் தீவில் பனிமூட்டம். ஒரே ஓடுபாதையில் கே.எல்.எம்., பான் ஆம் என்று இரண்டு ஜம்போக்கள். கே.எல்.எம். விமானி அனுமதி இல்லாமலே கிளம்பிவிட்டார். ‘நில், கூப்பிடுகிறேன்’ என்று கோபுரம் சொன்னதும், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பான் ஆம் சொன்னதும் ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கே.எல்.எம். அறையில் வெறும் கீச்சுச் சத்தமாகக் கேட்டது. 583 பேர் செத்தார்கள். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை அதற்கான அனுமதியின்போது தவிர வேறெப்போதும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஏ.ஐ. இங்கே உதவாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கன்ட்ரோலர் பேசுவதைப் புரிந்துகொண்டு அவர் திரையில் தானே குறித்துக்கொள்ளும் மென்பொருளை ஜெர்மனியின் டி.எல்.ஆர். ஆய்வு மையம் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறது. திருப்பிச் சொல்வதில் எண் மாறினால் பிடித்துக்கொடுக்கும் ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. இதெல்லாம் மூன்றாவது காது. இரவுப் பணியில் களைத்த ஒருவர் 563-க்கும் 536-க்கும் குழம்பும்போது ஒரு மணி அடித்தால் நல்லதுதானே. நம் ஊருக்கு வரும்போது மட்டும் ஒரு நிபந்தனை. இந்திய வானத்தில் தமிழ் ஆங்கிலம், இந்தி ஆங்கிலம், அரபு ஆங்கிலம், கொரிய ஆங்கிலம் எல்லாம் கலந்துதான் கேட்கும். வெளிநாட்டுக் குரல்களில் பழகிய மென்பொருளை அப்படியே வாங்கி மாட்டினால் அது தப்புத் தப்பாக மணி அடிக்கும். நாலு நாளில் யாராவது அதன் சத்தத்தை அணைத்துவிடுவார்கள்.

கார்மின் நிறுவனத்தின் ஆட்டோலேண்ட் என்று ஒன்று சிறிய விமானங்களில் இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பட்டனை அழுத்தினால் போதும், விமானம் தானே இறங்கும். எந்த ஓடுபாதை, எத்தனை நிமிடத்தில் என்று ரேடியோவில் தானே அறிவிக்கும். கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் கோபுரத்திலிருந்து சொல்லும் பதிலை அது புரிந்துகொள்ளாது. தன் பக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்து இறங்கும், மற்றவர்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். உயிர் பிழைக்க அது போதும். நூறு விமானம் வரிசையில் நிற்கும் மாலை நேரத்து மும்பைக்குப் போதாது.

இனி காசு விஷயம். கவலைப்பட வேண்டியது இங்கேதான்.

2023 ஆகஸ்ட் 28, பிரிட்டனில் விடுமுறை நாள். ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ஒரே பெயர்க்குறியீடு கொண்ட இரண்டு இடங்கள் இருந்தன, ஒன்று பிரான்ஸில், மற்றொன்று அமெரிக்காவில். கணினி குழம்பி நின்றுவிட்டது. உடனே மாற்றுக் கணினி பொறுப்பேற்றது. அதிலும் அதே மென்பொருள், அதே திட்டம், அதுவும் நின்றது. கணக்கு எழுதியவரையே தணிக்கைக்கும் உட்கார வைத்த மாதிரி. வீட்டிலிருந்தபடி பணியில் இருந்த பொறியாளர் தூரத்திலிருந்து சரிசெய்யப் பார்த்தார், முடியவில்லை. கிளம்பி மையத்துக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம். பாதிக்கப்பட்ட பயணிகள் 7 லட்சத்துக்கும் மேல். பொறியாளரை வீட்டில் வைத்திருந்ததில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டெல்லியில் 2025 நவம்பரில் நடந்தது நமக்கு இன்னும் பக்கம். விமானத் திட்டங்களைக் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுசேர்க்கும் செய்திப் பரிமாற்றக் கணினி, சரியாகச் சொன்னால் இந்த சி.என்.எஸ். மக்களின் கணினி, கோளாறாகிவிட்டது. 7-ஆம் தேதி 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம். டி.வி.யில் காட்டியதெல்லாம் விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பயணிகளைத்தான். உள்ளே கன்ட்ரோலர்களும் பொறியாளர்களும் திட்டங்களைக் கையால் கையாண்டு விமானங்களை நகர்த்தினார்கள். மெதுவாகத்தான் நகர்ந்தன, ஆனால் நகர்ந்தன. கையால் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே இருந்ததால் முடிந்தது.

இன்னும் பதினைந்து வருடம் கழித்து இதே கோளாறு வந்தால்? தினமும் மென்பொருளே கேட்டு, எழுதி, சரிபார்த்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர் கையால் இதைச் செய்து ஒரு மாமாங்கம் ஆகியிருக்கும். கால்குலேட்டர் வந்த பிறகு வாய்ப்பாடு மறந்ததைப் பற்றிப் பெரியவர்கள் புலம்புவது வழக்கம். கடையில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை, கால்குலேட்டர் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். 35,000 அடியில் இருக்கும் விமானத்தைக் கடை திறக்கும்வரை காத்திரு என்று சொல்ல முடியாது.

விமானிகள் விஷயத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆட்டோபைலட் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டரில் உட்கார்ந்து, எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று செய்து காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பறக்க முடியாது. ரேடியோ அறைக்கும், செய்திக் கணினி அறைக்கும் அதே கண்டிப்பு வேண்டும். மாதத்தில் ஒரு நாள், நெரிசல் குறைந்த நேரத்தில், மென்பொருளை அணைத்துவிட்டுக் கையால் நடத்தட்டும். செலவாகும், அன்றைக்குச் சில விமானங்கள் பத்து நிமிடம் தாமதமாகும், யாராவது ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) திட்டுவார்கள். திட்டட்டும்.

பொறுப்பு யாருடையது என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு 2024-இல் நிறைவேற்றிய புதிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விமானிகளின் ரேடியோ உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து டி.ஜி.சி.ஏ.வுக்கு மாற்றியதும் அந்தச் சட்டம்தான். ரேடியோவில் பேச மனிதருக்கு உரிமம் வேண்டும், தவறினால் பறிக்கலாம். மென்பொருள் தவறாகக் கேட்டால் எதைப் பறிப்பது? டாலியில் தப்பு வந்தால் ஆடிட்டர்தான் பதில் சொல்கிறார், டாலி நிறுவனம் இல்லை. அதேபோல் கடைசிச் சொல் உரிமம் உள்ள ஒருவரிடம் இருக்கட்டும். ஆனால் அவரிடம் பொறுப்பை மட்டும் கொடுத்து, மென்பொருளை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுக்காமல் விடுவது மகா அநியாயம்.

ஆக, இந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்கும் எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குப் பதில், தாராளமாகப் போகலாம். செய்தியை வாங்கித் தட்டச்சு செய்து தள்ளிவிடும் பகுதி உங்கள் காலத்திலேயே போய்விடும், அதை நம்பி உட்கார வேண்டாம். மிஞ்சுவது கருவி பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பதும், கருவி படுத்துவிட்டால் அது வரும்வரை ஓட்டுவதும்தான். சேரும்போது சம்பளம், குவார்ட்டர்ஸ் எல்லாம் விசாரிப்பீர்கள். கூடவே, நள்ளிரவு ஷிப்டில் அறைக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் சீனியர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். ‘ஒருவர்தான், அவரும் போனில்’ என்று பதில் வந்தால், அந்தப் பிரிட்டன் அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.