குடி மாறினால் போதாது. கூரையும் வேய வேண்டும்!

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ஓடுகிறது. படம் காட்டுகிறது. பாட்டுப் பாடுகிறது. கடைக் கணக்கும் போடுகிறது. "இதற்கு என்ன குறை?" என்று பலர் கேட்கிறார்கள்.

குறை உண்டு. அதற்குக் காவல் இல்லை!

கம்ப்யூட்டர் வெறும் பெட்டிதான். அந்தப் பெட்டியை ஆட்டி வைப்பது ஒரு தலைமைப் புரோகிராம். விண்டோஸ், லினக்ஸ் என்பவை எல்லாம் அப்படிப்பட்ட புரோகிராம்களே.

பல வீடுகளில் இருப்பது விண்டோஸ் 10. இது 2015-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி வெளிவந்தது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு, இதைப் பராமரிக்கும் வேலையை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீடுகளுக்கு மட்டும் மேலும் ஓர் ஆண்டு தவணை என்று அறிவித்தது.

பராமரிப்பு என்றால் என்ன?

ஓட்டை அடைக்கும் வேலை

எந்தப் புரோகிராமிலும் ஓட்டைகள் உண்டு. தவறே இல்லாமல் எழுத யாராலும் முடியாது. ஓர் ஓட்டை தெரிய வந்ததும், அதை அடைப்பதற்கு ஓர் ஒட்டுத் தயாரித்து அனுப்புகிறார்கள். அதுதான் "அப்டேட்".

இதில் ஒரு விசித்திரம். அப்டேட் வெளிவந்ததும் திருடர்களும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். "இங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்களா? அப்படியானால் இங்கேதான் ஓட்டை இருந்திருக்கிறது" என்று கண்டுகொள்கிறார்கள். பிறகு, ஒட்டுப் போடாத கம்ப்யூட்டர்களைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

ஆகவே, ஒட்டுக் கிடைக்காத கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகைப் பெட்டியை வைத்துவிட்டுத் தூங்குவது போன்றது.

எங்கே போவது?

விண்டோஸ் 11 இருக்கிறது. தகுதி உள்ள பெட்டிக்கு அந்த மாற்றம் இலவசம். ஆனால் தகுதி வேண்டுமே! "டி.பி.எம். 2.0" என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். 4 ஜி.பி. நினைவகம் வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரும் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றுக்கு இந்தத் தகுதி கிடையாது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம். வசதி உள்ளவர்களுக்கு அது எளிது. கூலி வேலை செய்து பிள்ளையைக் கல்லூரியில் படிக்க வைக்கும் குடும்பம் என்ன செய்யும்?

அத்தகைய குடும்பங்களுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்தது இது. அப்போது அவருக்கு வயது 21. இன்று உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். லினக்ஸில் உபுண்டு, மின்ட் என்று பல வகைகள் உண்டு. இவற்றை இலவசமாகவே பெறலாம். லினக்ஸ் மின்ட் 2 ஜி.பி. நினைவகத்திலும் ஓடும். 4 ஜி.பி. இருந்தால் வசதி.

ஓடுகிற பெட்டியைக் குப்பையில் எறிய வேண்டியது இல்லை.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "லினக்ஸ் போட்டாகிவிட்டது. இனிக் கவலை இல்லை" என்று கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். புது வீட்டுக்குக் குடி போனால், கூரை தானாகவே ஒழுகாமல் இருந்துவிடுமா?

ஆஸ்பத்திரியில் வந்த வினை

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி. இங்கிலாந்து நாட்டின் அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. "பணம் கொடுத்தால்தான் திறப்போம்" என்ற மிரட்டல் திரையில் தெரிந்தது. "வான்னாக்ரை" என்பது அந்தப் பொல்லாத புரோகிராமின் பெயர். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அது பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தில் மட்டும் சுமார் 19 ஆயிரம் சிகிச்சைத் தேதிகள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிடப்பட்டது.

இதற்கு மருந்து இல்லையா? இருந்தது! அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் 14-ந் தேதியே வெளியாகிவிட்டது. இரண்டு மாதம் அது கையருகே கிடந்தது. போடவில்லை!

அகப்பட்டுக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அந்த நாளில் விண்டோஸ் 7-க்குப் பராமரிப்பு இருந்தது. எனவே குற்றம் பழமையில் மட்டும் இல்லை, அலட்சியத்திலும் இருக்கிறது.

லினக்ஸ் பக்கமும் திருடன் வந்தது உண்டு. 2016-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, லினக்ஸ் மின்ட் இணையதளத்திலேயே ஒருவன் புகுந்தான். நல்ல சரக்கின் இடத்தில், கள்ளக் கதவு வைத்த சரக்கைக் காட்டினான். அதை நடத்துகிறவர்கள் உடனே கண்டுபிடித்து, ஊரறியச் சொன்னார்கள். இறக்கிய சரக்கு அசல்தானா என்று சரிபார்க்க ஓர் அடையாள எண் உண்டு. அதை ஒத்துப் பார்க்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

குடி மாறும் முன்னால்

அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலம் ஆகிவிடும். முதலில் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும்.

ஒன்று: நகல். குழந்தையின் பிறந்த நாள் படம், தாத்தாவின் கடைசிப் போட்டோ, சான்றிதழ்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். லினக்ஸ் போடும்போது, "டிஸ்கை அழித்துவிட்டுப் போடவா?" என்று கேட்கும். யோசிக்காமல் "ஆம்" என்றால், பத்து ஆண்டு நினைவுகளும் ஒரு நொடியில் போய்விடும்.

இரண்டு: தேவைப் பட்டியல். கடைக்காரர்கள் பயன்படுத்தும் டேலி கணக்குப் புரோகிராம் விண்டோசுக்காக எழுதப்பட்டது. அதை நம்பித் தொழில் செய்கிறவர்கள் அவசரப்பட்டு மாறக் கூடாது. எழுதவும், படிக்கவும், இணையம் பார்க்கவும் மட்டுமே வேண்டியவர்கள் தைரியமாக மாறலாம்.

மூன்று: தமிழ். லினக்ஸிலும் தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்யலாம். ஆனால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத கிறுக்கலாகத் தெரியும். அவற்றை முன்னதாகவே யூனிகோடு எழுத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

நான்கு: ஒத்திகை. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோசை அது தொடாது. பிரிண்டர், வைபை, ஒலி எல்லாம் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பெண் பார்க்காமல் கல்யாணத் தேதி குறிப்பது உண்டா?

குடி போன பின்னால்

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடத் தெரிந்த குடும்பத்துக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. மூன்று பழக்கங்கள் போதும்.

வாரம் ஒரு நாள் அப்டேட். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதுபோல் இதற்கும் ஒரு கிழமை குறித்துவிட வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்ற பொத்தானை அழுத்துவது கெட்ட பழக்கம். ஒவ்வொரு லினக்ஸ் வகைக்கும் ஆயுள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. உபுண்டுவில் நீண்ட காலப் பதிப்புகளுக்குப் பொதுவாக 5 ஆண்டுப் பராமரிப்பு. அது முடியுமுன் அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும்.

மாதம் ஒரு தடவை நகல். நகல் எடுத்ததும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டரைப் பூட்டும் திருட்டுப் புரோகிராம், அதில் மாட்டியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். லினக்ஸ் மின்டில் "டைம்ஷிப்ட்" என்ற வசதி உண்டு. கோளாறு வந்தால் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்கு அது கொண்டுபோகும். ஆனால் அது காப்பது லினக்ஸை. வீட்டுப் படங்களுக்குத் தனி நகல்தான் காவல்.

மூன்றாவது, முன்பின் தெரியாதவர் பேச்சைக் கேட்டுப் புரோகிராம் ஏற்றக் கூடாது. லினக்ஸில் பெரிய மாற்றம் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கும். அது வாசல் காவல்காரன், "யார் அது?" என்று கேட்பதுபோல. காரணம் தெரியாமல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், காவல்காரன் என்ன செய்வான்?

யார் பொறுப்பு?

கேரளப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே பெட்டியைக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2018-ல் "லிட்டில் கைட்ஸ்" என்ற மாணவர் சங்கங்களைத் தொடங்கி, கம்ப்யூட்டர்க் கருவிகளைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டிலும் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுத்தது. அந்த நாளையப் பெட்டி ஒன்று இன்னும் ஓடுமானால், அதற்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் பொதுவான வேலை யாருக்கும் சொந்தம் இல்லாத வேலை ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் மகளாகவும் இருக்கலாம்; ஓய்வு பெற்ற தாத்தாவாகவும் இருக்கலாம்.

விண்டோசா, லினக்ஸா என்ற சண்டை பெரிது அல்ல. கவனிப்பார் இல்லாத லினக்ஸைவிடக் கவனிப்பு உள்ள விண்டோஸ் மேல். புதிய இடத்துக்குப் போக ஒரு நாள் போதும். அதைக் காப்பாற்றத் தினமும் கொஞ்சம் அக்கறை வேண்டும். அந்த அக்கறைக்குக் காசு பணம் தேவை இல்லை!