விளம்பர நிலையமும் எங்கள் ஊரும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

விளம்பரம் என்றதும் சென்னையும் மும்பையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நடிகை சோப்புக் கட்டியை ஏந்திச் சிரிப்பதும், கிரிக்கெட் வீரர் குளிர்பானம் அருந்துவதும் அங்கே உருவாகின்றன. ஆனால் நம் திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கடைகளுக்கு விளம்பரம் செய்து தருபவர்கள் யார்? நம் தெருக்களிலேயே, மாடி அறைகளில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களோடு இயங்கும் சிறு நிலையத்தார்தாம்.

அத்தகைய நிலையம் ஒன்றை நாங்கள் சென்று பார்த்தோம். துண்டு நோட்டீசு, பேனர், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும் வாசகம், உள்ளூர்க் கேபிள் டிவிக்கு அரை நிமிடப் படம், வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் யாவும் அங்கே ஏழெட்டுப் பேரால் தயாராகின்றன. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் வீட்டுக்குப் போகவே நேரமிராதாம். துணிக்கடைக்காரர் இரவு பத்து மணிக்கு, "ஒரே ஒரு திருத்தம்தான்" என்பாராம். அந்த ஒரு திருத்தம் விடியும்வரை முடியாதாம்! சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் வெளியாகிவிடுவதால் அந்த வேலையும் அப்போதே தொடங்கிவிடும். கடைக்காரர்களிடமிருந்து பணம் மட்டும் மெல்ல நடந்துதான் வருமாம்.

இந்நிலையங்கள் ஊருக்கும் நன்மை செய்கின்றன. ஆனித் தேரோட்டத்தில் நீர்மோர்ப் பந்தல், இரத்த தான முகாமுக்கு இலவச நோட்டீசு, பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கேடயம் என்று பலவற்றைக் கூறலாம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர இலாபம் காண்பவை போன்ற பெரிய கம்பெனிகளைத்தான் இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. இவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் ஒரு நிலையத்தை அது வழங்கும் மோரைக் கொண்டு எடைபோடக் கூடாது, அது எழுதும் வாசகத்தைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது எங்கள் கருத்து. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் நோட்டீசு ஒன்றை நம்பி நகைச்சீட்டில் மாதம் 1,000 ரூபாய் கட்டி வந்தார். பத்தாம் மாதம் போய்ப் பார்த்தால் கடை பூட்டிக் கிடந்தது. தையல் வேலையில் சேர்த்த பணம் அது. அந்த நோட்டீசைத் தயாரித்த நிலையத்தாரும் அவ்வாண்டு மோர்ப் பந்தல் வைத்தவர்களே. கேட்டதற்கு, "கொடுத்ததை அச்சடித்தோம், அவ்வளவுதான்" என்றார்களாம்.

அவ்வளவுதானா? மோர் கொடுத்தவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று எண்ணித்தானே அந்தத் தாயார் நம்பினார்? மும்பையில் விளம்பரம் எழுதுபவர் அவரை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. இவர்களோ அதே ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களுக்கு ஆள் சேர்க்க விளம்பரம் வெளியிடுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. எழுதுமுன் "பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, அண்ணாச்சி?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

அதே 2019-ஆம் ஆண்டில்தான் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் லாரியில் அடிபட்டு உயிரிழந்தார். பேனரை எங்கே கட்டப் போகிறார்கள் என்பதையும் நிலையத்தார் கேட்கலாம் அல்லவா?

முடியாத காரியமொன்றும் இல்லை. நாங்கள் பார்த்த நிலையத்தின் உரிமையாளர், சீட்டு விளம்பரம் என்றால் சான்றிதழைப் பார்த்த பிறகே பேனாவை எடுப்பாராம். அதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறிடம் போய்விட்டார்களாம். அவர் அடுத்த ஆண்டும் எங்கள் விளையாட்டு விழாவுக்குக் கேடயம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நிலையத்தின் பெயரைச் சற்றுச் சிறிய எழுத்தில் பொறித்தால் வென்ற மாணவியின் பெயருக்கும் இடம் கிடைக்கும்.