பசிக்கு டைம்டேபிள் கிடையாது பாஸ்!

ஆகஸ்ட் முதல் வாரம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஃப்ரெண்ட்ஷிப் டே! முழங்கை வரைக்கும் பேண்ட் கட்டிக்கிட்டு, கேன்டீன்ல கடன் சொல்லி ட்ரீட் கொடுக்கிற அதே வாரத்துல இன்னொண்ணும் இருக்கு. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 1992-லிருந்து வருஷா வருஷம் நடக்குது. ஜி.ஹெச். வாசல்ல பேனர் கட்டுவாங்க, நர்ஸிங் காலேஜ் பொண்ணுங்க வரிசையா ஊர்வலம் போவாங்க. நம்ம இன்ஜினீயரிங் காலேஜ் நோட்டீஸ் போர்டுல மட்டும் அதைப் பத்தி ஒரு துண்டுச் சீட்டுகூட வராது.

'இது கல்யாணம் ஆனவங்க மேட்டர், நமக்கு எதுக்கு?'ன்னு பக்கத்தைத் திருப்பப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. குறிப்பா பசங்க! உங்க அக்காவோ அண்ணியோ பச்சைக் குழந்தையோட வீட்டுல இருந்தா, ராத்திரி மூணு மணிக்கு எழுந்து லைட்டைப் போடறது யாருன்னு நினைக்கிறீங்க?

எங்க வீட்டுல நான்தான். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தது கரெக்டா என் ஸ்டடி ஹாலிடேஸ்ல. தாய்ப்பால்னா சினிமாவுல வர்ற மாதிரி அம்மா தாலாட்டுப் பாட, குழந்தை சிரிச்சுக்கிட்டே தூங்கும்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கு, முதல் பத்து நாள்ல பாதி விஷயம் தெளிஞ்சுது. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8-லிருந்து 12 தடவை பால் குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு தடவை குடிச்சு முடிக்க அரைமணி நேரம், தோள்ல போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்க பத்து நிமிஷம், நனைஞ்ச துணியை மாத்த அஞ்சு நிமிஷம். மிச்ச நேரத்துல அம்மா சாப்பிட்டு, குளிச்சு, தூங்கணும். நம்ம ஹாஸ்டல் மெஸ் டைமிங்கே தேவலைன்னு தோணும்!

இதுல வலி வேற. மூணாம் நாள் அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுதுச்சு. காம்பு வெடிச்சுப்போச்சு. 'எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ'ன்னு சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க. டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி ஒரு நர்ஸம்மா வந்து பார்த்துட்டு, ஒரே நிமிஷத்துல சரி பண்ணினாங்க. குழந்தை காம்பை மட்டும் சப்புச்சாம். வாயைப் பெரிசாத் திறக்க வெச்சு, சுத்தியிருக்கிற கருப்பு வட்டமும் வாய்க்குள்ள போற மாதிரி, தாடை மார்புல ஒட்டற மாதிரி பிடிக்கணும். அவ்வளவுதான் மேட்டர். "வலிச்சா ஏதோ தப்பாப் பிடிச்சிருக்கோம்னு அர்த்தம்மா, தாங்கிக்கணும்னு அர்த்தம் இல்லை"ன்னாங்க. பத்து பெரியவங்க இருந்த ரூம்ல இதைச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தாங்க.

அடுத்த பூதம், 'பால் பத்தலை'. குழந்தை அழுதாலே அத்தை ஆரம்பிச்சுடுவாங்க. "பாவம், புள்ளைக்கு வயிறு ரொம்பல போல. ஒரு டப்பா பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லு." இங்கேதான் எனக்கு நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் கை கொடுத்துச்சு. அதுல அரியர் வெச்சவங்களும் கவனிங்க, இது ஈஸி.

தாய்ப்பால் சுரக்கறது ஒரு ஃபீட்பேக் லூப். குழந்தை சப்பும்போது நரம்பு வழியா மூளைக்கு சிக்னல் போகும். புரோலாக்டின்ங்கிற ஹார்மோன் பாலை உற்பத்தி பண்ணச் சொல்லும். ஆக்ஸிடோசின்ங்கிற இன்னொண்ணு, உள்ளே இருக்கிற பாலை வெளியே தள்ளும். மார்புல பால் காலியாகக் காலியாக, உற்பத்தி கூடும். தேங்கி நின்னா, 'போதும்பா'ன்னு உற்பத்தி தானாக் குறையும். அதாவது குழந்தை குடிக்கிற அளவுதான் ஆர்டர். இப்போ நடுவுல ஒரு பாட்டில் பவுடர் பாலைக் கொடுத்தா என்னாகும்? வயிறு ரொம்பித் தூங்கிடும். அடுத்த ஆர்டர் வராது. ஃபேக்டரி உற்பத்தியைக் குறைக்கும். நாளைக்கு நிஜமாவே பால் குறையும். 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு அத்தை சொல்வாங்க. அவங்க சொன்னது பலிச்சதுக்குக் காரணமே அவங்க சொன்னதுதான்!

அப்போ பால் போதுமா இல்லையான்னு எப்படித் தெரியும்? அழுகையை வெச்சு முடிவு பண்ண முடியாது. குழந்தை உடம்பு கசகசன்னு இருந்தாலும் அழும், தூக்கிக்கச் சொல்லியும் அழும். முதல் வாரம் தாண்டின குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகுதா, எடை ஏறுதா, இது ரெண்டும்தான் மீட்டர் ரீடிங். பிறந்த சில நாள்ல எடை கொஞ்சம் இறங்கறது சகஜம். ரெண்டு வாரத்துக்குள்ள பழையபடி ஏறிடணும். ஏறலைன்னா டாக்டர்கிட்ட ஓடணும், மெடிக்கல் ஷாப்புக்கு இல்லை.

முதல் ரெண்டு மூணு நாள் வர்ற மஞ்சள் நிறப் பால் இருக்கே, சீம்பால், அது கொஞ்சமாத்தான் வரும். பிறந்த அன்னிக்குக் குழந்தையோட வயிறு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் கொள்ளும், அவ்வளவே. அந்தச் சொட்டுல நோய் எதிர்ப்புப் பொருள்கள் நெருக்கி அடைச்சிருக்கும். இது தெரியாம 'கெட்ட பால்'னு பீய்ச்சிக் கீழே ஊத்தற வழக்கம் நம்ம நாட்டுல ரொம்ப நாளா உண்டு. அப்புறம் நம்ம ஊரு சேனை! யாராவது ஒரு பெரியவர் வந்து சர்க்கரைத் தண்ணியோ தேனோ நாக்குல தடவினாதான் புள்ளைக்கு அவர் குணம் வரும்பாங்க. எங்க பெரியப்பா வந்து கெத்தா நின்னார். அக்கா கும்பிட்டு, "ஒரு வயசு வரைக்கும் தேன் வேண்டாம் பெரியப்பா"ன்னுடுச்சு. தேன்ல இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைக் குழந்தையோட குடல்ல வளர்ந்து விஷமாகலாம். பெரியப்பா ரெண்டு நாள் பேசலை. அவர் குணம் குழந்தைக்கு வராம போனதுல எங்க பெரியம்மாவுக்குப் பரம சந்தோஷம்.

'வெயில் காலம், தொண்டை வறளும், தண்ணியாவது கொடு'ன்னும் சொல்வாங்க. தாய்ப்பால்ல நூத்துக்கு 87, 88 பங்கு தண்ணிதான். அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் சொல்றது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மத்த சாப்பாட்டோட சேர்த்து ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் கொடுக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து இதுல சேராது. மத்தபடி தண்ணி, கிரைப் வாட்டர், தெருவுல வர்ற கழுதைப் பால் எல்லாத்துக்கும் நோ என்ட்ரி.

இந்த 'ஒரு மணி நேரம்' விஷயத்துல ஒரு கணக்கு என்னை ரொம்ப உறுத்திச்சு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவுல 88.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில நடக்குது. ஆனா பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள பால் குடிச்ச குழந்தைங்க 41.8 சதவீதம்தான். டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, பெட் இருக்கு. இருந்தும் பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு லேட். சிசேரியன்னா அம்மா ஒரு ரூம்ல, குழந்தை இன்னொரு ரூம்ல. வெளியே சொந்தக்காரங்க போட்டோ எடுத்து, யார் ஜாடைன்னு பட்டிமன்றம் நடத்தி முடிக்கிறதுக்குள்ள அந்த ஒரு மணி நேரம் போயிடும்.

லாபம் குழந்தைக்கு மட்டும் இல்லை. பேதி, நிமோனியா மாதிரி நோய்கள் குழந்தைக்குக் குறையுது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வர்ற வாய்ப்பும் குறையுது. எத்தனை மாசம் கொடுக்கிறாங்களோ அதுக்கேத்த மாதிரி. உலகம் முழுக்க எல்லா அம்மாக்களும் நல்லபடியா தாய்ப்பால் கொடுக்க முடிஞ்சா வருஷத்துக்கு சுமார் 8 லட்சத்து 23 ஆயிரம் குழந்தைகளோட சாவைத் தடுக்கலாம்னு 2016-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு கணக்குப் போட்டுச்சு.

அதுக்காக, கொடுக்க முடியாத அம்மாக்களைக் குத்திக் காட்டறது அநியாயம். சிலருக்கு உடம்பு ஒத்துழைக்காது, சிலர் சாப்பிடற மருந்து இடம் கொடுக்காது. குறைமாசத்துல பிறந்து இன்குபேட்டர்ல இருக்கிற குழந்தைங்களுக்கு, வேற அம்மாக்கள் தானமாக் கொடுத்த பாலைப் பதப்படுத்திக் கொடுக்கத்தான் தாய்ப்பால் வங்கி. ஆசியாவுலயே முதல் வங்கி 1989-ல மும்பை சயான் ஆஸ்பத்திரியில வந்துச்சு. இப்போ நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்லயும் இருக்கு. ரத்தம் மட்டும்தான் தானம்னு நினைக்கிற நம்ம யூத் ரெட் கிராஸ் நண்பர்கள் இதையும் போஸ்டர்ல சேர்க்கலாம்.

சரி, இப்போ காலேஜுக்கு வருவோம். அதுக்குத்தான் இவ்வளவு பில்டப்.

எங்க காலேஜ்ல எம்.இ. படிக்கிற ஒரு அக்கா (பேர் வேண்டாம்) போன செமஸ்டர்ல பிரசவம் ஆகி நாப்பதாவது நாள் பரீட்சை எழுத வந்தாங்க. காலையில பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் பரீட்சை. அவங்க அம்மா கைக்குழந்தையோட சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துல வேப்ப மரத்தடியில உட்கார்ந்திருந்தாங்க. ஒம்பதே முக்காலுக்குப் பால் கொடுக்க இடம் தேடினா, லேடீஸ் ரெஸ்ட் ரூம்ல ரெண்டு உடைஞ்ச பெஞ்சு, தாழ்ப்பாள் இல்லாத கதவு. கடைசியில பாத்ரூம்ல நின்னுக்கிட்டே கொடுத்தாங்க. நாம பாத்ரூம்ல நின்னுக்கிட்டு ஒரு பப்ஸ் சாப்பிடுவோமா?

பதினொன்றரைக்கு ஜன்னல் வழியா ஒரு அழுகைச் சத்தம். அது அவங்க குழந்தையா இல்லையான்னுகூடத் தெரியாது. ஆனா உடம்புக்கு அது பத்தி அக்கறை இல்லை. அந்த ஆக்ஸிடோசின் சொன்னேனே, குழந்தை வாய் வைக்கணும்னு அவசியமில்லை, சத்தம் கேட்டாலே வேலை செய்யும். "சத்தம் கேட்டதும் இறங்கிடுச்சுடி. ஜாக்கெட் நனைஞ்சு, துப்பட்டாவை இழுத்து மூடிக்கிட்டு எழுதினேன். ரெண்டு பதிமூணு மார்க் கேள்வி தெரிஞ்சும் எழுதலை. பேப்பரைக் கொடுத்துட்டு ஓடிட்டேன்"னு சொன்னாங்க. அவங்க ரேங்க் ஹோல்டர்.

அதோட முடியலை. சாயந்திரம் வரைக்கும் லேப் இருக்கிற நாள்கள்ல பால் கட்டிக்கிட்டு, கல்லு மாதிரி ஆகி, காய்ச்சல் வந்துடும். பீய்ச்சி எடுத்து மூடி போட்ட பாத்திரத்துல வெச்சா, ஏ.சி. ரூம்ல நாலு மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜ்ல இன்னும் அதிகமா. ஆனா எங்க பீய்ச்சறது, எந்த ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது? கெமிஸ்ட்ரி லேப் ஃப்ரிட்ஜையா கேட்க முடியும்?

வேலைக்குப் போற பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் தினமும் ரெண்டு தடவை பால் கொடுக்க இடைவேளைன்னு சட்டமே இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்குக்கூட 2015-ல தமிழ்நாடு அரசு பாலூட்டும் அறை கட்டிக் கொடுத்துச்சு, மாநிலம் முழுக்க 350-க்கு மேல. (எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல அது முக்கால்வாசி நேரம் பூட்டியிருக்கும், அது தனிக்கதை.) மாணவிகளுக்கு? பிஹெச்.டி. பண்றவங்களுக்கு 240 நாள் வரை லீவு எடுக்க யு.ஜி.சி. விதி 2016-ல வந்துச்சு. யு.ஜி., பி.ஜி. மாணவிகளுக்கு மகப்பேறு லீவு, அட்டெண்டன்ஸ் சலுகைக்கு நீங்களே விதி போட்டுக்கோங்கன்னு 2021 டிசம்பர்ல பல்கலைக்கழகங்களுக்கு லெட்டர் போட்டாங்க. கேரளாவுல 2023 ஜனவரியில பல்கலைக்கழக மாணவிகளுக்கு 60 நாள் வரைன்னு ஆர்டரே போட்டுட்டாங்க.

நாங்க லீவுல எல்லாம் கை வைக்கலை. கேட்டது சிம்பிள்: உள்ளே தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு சின்ன ரூம், முதுகு சாய்ஞ்சு உட்கார ஒரு நாற்காலி, ஒரு ப்ளக் பாயிண்ட், ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். பரீட்சை நாள்ல கேட்கிறவங்களுக்கு ஒரு அரைமணி இடைவேளை, அந்த நேரத்தைக் கடைசியில சேர்த்துக் கொடுக்கணும். மனுவுல கையெழுத்து வாங்கப் போனப்போ முதல்ல நெளிஞ்ச பசங்க, பதிமூணு மார்க் கதையைக் கேட்டதும் மடமடன்னு போட்டாங்க. மெக்கானிக்கல் பசங்க மொத்த கிளாஸும்! நம்மளோட ரெண்டு லேடி ஸ்டாஃப், "எங்க கையெழுத்தும் வேணுமா?"ன்னு மெதுவாக் கேட்டப்போதான், இந்தப் பிரச்சினை ஒரு அக்காவோடது மட்டும் இல்லைன்னு புரிஞ்சுது.

பரீட்சை இடைவேளை பல்கலைக்கழகம் முடிவு பண்ண வேண்டியதாம், ஃபைல் போயிருக்கு. ரூம் கிடைச்சிடுச்சு. பழைய டிராயிங் போர்டு எல்லாம் அடுக்கி வெச்சிருந்த ஸ்டோர். வெள்ளையடிச்சு, நாற்காலி போட்டாச்சு; ப்ளக் பாயிண்ட் எங்க ட்ரிபிள்-இ பசங்களே இழுத்தாங்க. ஃப்ரிட்ஜுக்கு சீனியர்ஸ்கிட்ட வசூல் நடக்குது. சாவி மட்டும் அட்டெண்டர் அண்ணன் இடுப்புல இருக்கு. அவர் பன்னண்டரைக்குச் சாப்பிடப் போனா ரெண்டு மணிக்குத்தான் வருவார். அடுத்த மனு, ஒரு டூப்ளிகேட் சாவிக்கு.