பொலிஸுக்காக அல்ல, தலைக்காக



மோட்டார் சைக்கிள் விபத்து என்றதும் "பையன் வேகமா போயிருப்பான்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். வேகம் ஒரு காரணம்தான். குழி விழுந்த தோட்டப் பாதை, பனிமூட்டம், மழையில் வழுக்கும் வளைவு, தேய்ந்த டயர், ஒரே சைக்கிளில் மூன்று பேர் என்பவையும் காரணங்களே.

விழுந்தால் அதிகம் அடிபடுவது கால். உயிரைப் பறிப்பதோ தலையில் படும் அடி. பட்டியை இறுக்கிப் பூட்டிய ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 40 சதவீதம் குறைக்கும். பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி அது கட்டாயம். ஆனால் தகப்பன் ஹெல்மெட்டோடும் பிள்ளை வெறுந்தலையோடும் பாடசாலை வாசலில் வந்து இறங்குவதைத் தினமும் பார்க்கிறேன். தோட்டத்துக்குள் பொலிஸ் இல்லைதான். கல்லும் குழியும் இருக்கின்றனவே.

தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் ஒருவரையொருவர் கைகாட்டாமல் பாதைகளைச் செப்பனிட வேண்டும். 2022 திருத்தத்தின்படி, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். பொலிஸ் முறைப்பாட்டையும் வைத்தியசாலைத் துண்டையும் பத்திரப்படுத்தி, தோட்டத் தலைவரிடம் உடனே சொல்லுங்கள். உரிமையைச் சங்கத்தோடு சேர்ந்து கேட்போம்; பிள்ளையின் தலையை இன்றே நாம் காப்போம்.