சாஃப்ட்டுக்கு எத்தனை சொல்?

ஆரணியில் ஒரு தறிவீட்டுத் திண்ணையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'சாஃப்ட்' என்ற சொல்லுக்கு இணைச்சொற்கள் போட்டு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்மூத், ஜென்டில், டெண்டர் மூன்றையும் தலையணைக்கே மாட்டிவிட்டாள். டெண்டர் தலையணை! (நம்மூரில் டெண்டர் என்றால் ரோடு போடுவது.) உள்ளே தறியிலிருந்த அவள் தாத்தாவிடம், பட்டில் 'சாஃப்ட்' என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, பசையோடு கால்பங்கு எடையும் போன பட்டுதான் 'மெத்து'. விரலுக்கு வழுக்கினால் 'வழவழப்பு'. மடிப்பு நிற்காவிட்டால் 'துவளுது'. கட்டிக் கட்டிப் பழசானது 'நைஞ்சது'. மாற்றிச் சொன்னால் முறைக்கிறார். ரோஜே என்ற ஆங்கிலேயர் 1852-இல் ஆங்கிலச் சொற்களை இப்படிப் பொருள்வாரியாக இனம் பிரித்து அகராதி போட்டார். தமிழுக்கு இதே வேலையைச் செய்த நம் திவாகர நிகண்டு அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. கடைப் பலகையிலோ எல்லாமே 'சாஃப்ட் சில்க்'.