ஓரிக்கு லீவு, பாங்கிக்கு லீவு இல்லை!
கொல்லிமலை விழா நாள் விடுமுறை யாருக்கு?

கொல்லிமலை:

ஆடி 18 வந்தால் நாமக்கல் மாவட்டத்தில் ஒரே கேள்விதான். "நாளைக்கு லீவா, இல்லையா?"

பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிறான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கேட்கிறார். செக் மாற்ற வேண்டிய மளிகைக் கடைக்காரரும் கேட்கிறார். மூவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

வல்வில் ஓரி விழாவுக்காகக் கலெக்டர் விடுவது உள்ளூர் விடுமுறை. ஆகஸ்ட் 2 அல்லது 3-ந்தேதி வரும். பள்ளிகள், கல்லூரிகள், மாநில அரசு ஆபீசுகள் மூடிக்கொள்ளும். ஆனால் 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் இந்த லீவு வராது. ஆகவே பாங்கி திறந்திருக்கும். அவசர வேலைக்காகக் கருவூலத்திலும் சார் கருவூலத்திலும் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். விட்ட லீவுக்கு ஈடாக, பின்னால் ஒரு சனிக்கிழமை வேலை நாளாகிவிடும்.

அதாவது, இது கொடுத்த லீவு அல்ல. கடனாகக் கொடுத்த லீவு! கடையெழு வள்ளல்களில் ஒருவன் பெயரால் விடுகிற லீவுக்கு வட்டி இல்லாவிட்டாலும் அசலை வசூலித்துவிடுகிறார்கள் என்று குமாஸ்தாக்கள் கேலி பேசுவதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

யார் இந்த ஓரி?

சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னன். புறநானூற்றில் வன்பரணர் இவனைப் பாடியிருக்கிறார். ஒரே அம்பு. யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நின்றதாம். "நம்புகிற மாதிரியா இருக்கு?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அதே பாட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

பாணர் கூட்டம் காட்டில் ஒரு வேடனைப் பார்க்கிறது. பாடுகிறது. பாட்டில் அரசன் என்ற சொல் வந்ததும், அது தன்னைக் குறிப்பதால் அந்த வேடன் வெட்கப்பட்டுத் தலை குனிகிறான். வந்தவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே வெந்த இறைச்சியும், தன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். புகழைக் கேட்டு நாணிய இந்த மனிதன் பெயரைத்தான் இப்போது இரண்டு நாள் மைக் செட் கட்டி முழங்குகிறார்கள்!

கொன்றவனும் வள்ளல்தான்

ஓரி எப்படிச் செத்தான்? போரில். கொன்றவன் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி. ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்களுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். சிறுபாணாற்றுப்படை இரண்டு பேரையும் ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. கொடுத்தவன் மலையை இன்னொரு கொடுத்தவன் பறித்து, மூன்றாமவனுக்குக் கொடுத்தான்.

தலைவர் பெயரால் விடும் லீவு எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். விழா மேடையில் ஓரியின் வில்லுக்கு இடம் உண்டு, தோல்விக்கு இடம் இல்லை. ஆனால் வெளியிலிருந்து வந்த படைக்கு மலையைப் பறிகொடுத்தவன் என்பதும் ஓரியின் கதைதான். அதை மலைக்காரர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஓரி பிறந்த நாளோ இறந்த நாளோ எந்த ஏட்டிலும் கிடையாது. பிறகு ஏன் ஆடி 18? அன்றைக்குத்தான் மலையில் ஜனம் திரள்கிறது. ஆகாய கங்கையில் குளித்து அறப்பளீஸ்வரரைக் கும்பிட, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே ஓரி விழா நடக்கிறது. அதே ஆடி 18-ல்தான் பக்கத்துச் சங்ககிரியில் தீரன் சின்னமலைக்கு மாலை விழுகிறது. அவருக்குத் தேதி இருக்கிறது: 1805-ல் வெள்ளைக்காரன் தூக்கில் போட்டது ஆடிப்பெருக்கு அன்று.

அமெரிக்காவில் நடந்த கூத்து

தேதியை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பிப்ரவரி 22. 1971 முதல் அந்த லீவைப் பிப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவது திங்கள் 15-க்கும் 21-க்கும் நடுவில்தான் வரும். ஆக, வாஷிங்டன் பிறந்த நாள் லீவு அவர் பிறந்த தேதியில் வரவே வராது! இன்றைக்கு அது மெத்தை, கார் தள்ளுபடி விற்பனைக்குப் பேர் போன நாள். ஆடித் தள்ளுபடி கண்ட நம்மவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

உத்தரப்பிரதேசத்தில் 2017-ல் நேர்மாறாகச் செய்தார்கள். தலைவர்கள் பெயரால் இருந்த 15 லீவுகளை ஒரே அடியாக ரத்து செய்தார்கள். அந்த நாட்களில் பள்ளியைத் திறந்து, அந்தத் தலைவரைப் பற்றிப் பாடம் சொல்லச் சொன்னார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் கட்டாயமாகக் கேட்ட உரை எந்தப் பையனுக்கு ஞாபகம் இருக்கும்?

மலைக்காரர் கணக்கு

கொல்லிமலையில் கணக்கு வேறு. மாவட்டம் முழுக்க சர்க்கார் ஆபீசு பூட்டிக் கிடக்கும்போது, செம்மேட்டில் அரசுத் துறைகள் பந்தல் போட்டு அரங்கு வைக்கின்றன. வில்வித்தைப் போட்டி நடக்கிறது. ஓரி சிலைக்கு மாலை, மேடையில் நலத்திட்ட உதவி. ஒரு சான்றிதழுக்காகவும் மனுவுக்காகவும் நாலு நடை நடக்கும் மலைவாசிக்கு, அதிகாரிகள் தானாக ஏறி வரும் நாள் இது. லீவு நாளில்தான் ஆபீஸ் மலைக்கு வருகிறது!

மிளகும் அன்னாசியும் பலாவும் விற்பவர்களுக்கும் அது லீவு இல்லை, வருஷத்து வியாபாரம். பஸ் டிரைவர், கண்டக்டர், போலீஸ், துப்புரவுத் தொழிலாளி, எல்லோருக்கும் வழக்கத்தைவிட வேலை அதிகம். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்றால் தொழில் நிறுவனத் தொழிலாளிக்கு 1958-ம் ஆண்டுச் சட்டம் துணைக்கு இருக்கிறது. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லை சம்பளத்தோடு மாற்று லீவு. உள்ளூர் விடுமுறைக்கு அந்தச் சலுகை இல்லை. காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவர் விழா பார்க்க வந்தால் அன்றைய கூலி போச்சு. கேட்கும் முன்பே கொடுத்தவன் விழாவுக்கு வர, கைக்காசைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

கலெக்டர் உத்தரவில் சேர்க்க வேண்டிய வரி ஏதாவது இருந்தால் அது இதுதான்: மலையில் கூலி வேலை செய்பவருக்கு அன்றைய கூலி. மாவட்டம் முழுக்க வேண்டாம். மலையில் உள்ள 14 ஊராட்சிகளில் தொடங்கினால் போதும். யார் கொடுப்பது என்று கேட்பார்கள். அரசு ஊழியருக்கு அன்றைய சம்பளம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்து ஒரு வழி தேடலாம்.

விழா முடிந்த இரவு பஸ்கள் 70 வளைவும் இறங்கிப் போகும். மறுநாள் பந்தலைப் பிரிப்பார்கள். ஈடு செய்யும் சனிக்கிழமையன்று ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பள்ளி மணி அடிக்கும். "இன்னிக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று பையன்கள் முனகிக்கொண்டே பை தூக்குவார்கள்.