'லிமிடெட்' யாருக்கு?

ஆலை வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையை நாம் தினமும் பார்க்கிறோம். பெயரின் கடைசியில் 'லிமிடெட்' என்றொரு சொல். எதற்கு இந்த எல்லை? லாபத்திற்கா? இல்லை. வேலைப்பளுவிற்கா? அதுவும் இல்லை. முதலாளியின் நஷ்டத்திற்கு!

தொழில் நடத்தப் பல வழிகள் உண்டு. பெட்டிக்கடைக்காரர் தனியாளாக நடத்துகிறார். கடை நொடித்தால் கடன்காரன் அவர் வீட்டு வாசலுக்கே வருவான். கூட்டு வியாபாரத்திற்கு 1932-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஒரு பங்காளி கடையின் பேரில் பட்ட கடனுக்கு மற்றப் பங்காளிகளின் சொந்தச் சொத்தும் பொறுப்பு.

லிமிடெட் கம்பெனி அப்படியல்ல. 100 ரூபாய்ப் பங்கிற்கு 100 ரூபாயும் கட்டியவரிடம் அதற்கு மேல் ஒரு காசு கேட்க முடியாது. கம்பெனி வேறு, முதலாளி வேறு என்கிறது சட்டம். ஆலை திவாலாகும், பங்களா திவாலாகாது!

பாங்கிகள் இதை நன்கு அறியும். அதனால்தான் கடன் கொடுக்குமுன் முதலாளியிடம் சொந்த ஜாமீன் எழுதி வாங்குகின்றன. மாதம் முழுவதும் உழைத்துவிட்டுப் பிறகு கூலி வாங்கும் நாமும் முப்பது நாள் கடன் கொடுத்தவர்களே. நமக்கு யார் ஜாமீன்?

"துணிந்து முதல் போட்டவருக்குக் கிடைக்கும் பரிசே லாபம்" என்று முதலாளிகளின் பண்டிதர்கள் ஓதுகிறார்கள். நல்ல துணிச்சல்! நாடெங்கும் நலிந்து கிடந்த 103 பஞ்சாலைகளை 1974-ல் மத்திய சர்க்கார் சட்டம் போட்டு ஏற்க வேண்டி வந்ததே, ஏன்? லாபம் முதலாளி வீட்டிற்கு, நஷ்டம் நாட்டின் தலையில் என்பதல்லவா இது?

2016-ம் வருஷத்துத் திவால் சட்டத்தைப் பாருங்கள். கம்பெனியைக் கலைத்து விற்றால் முதலில் அந்த நடவடிக்கைக்கான செலவு. அடுத்து, ஈடு பிடித்த பாங்கிகளோடு சேர்ந்து நிற்பது தொழிலாளியின் கடைசி 24 மாதக் கூலிப் பாக்கி மட்டுமே. அதற்கு முந்திய பாக்கி வரிசையில் பின்னே தள்ளப்படும். மிஞ்சினால் உண்டு!

கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், நிலமில்லாத விவசாயத் தொழிலாளிக்கு அங்கே பயிர்க்கடன் ஏது? ஓட்டு இருந்தும் கடன் இல்லை.

ஆகவே, எந்தப் பலகையைக் கண்டாலும் ஒரே கேள்வி கேட்போம்: நஷ்டம் வந்தால் யார் சுமப்பது? கூலிப் பாக்கி முழுவதும் மற்றெல்லாக் கடனுக்கும் முன்னே நிற்க வேண்டும். அதற்கு முதலாளியின் சொந்தச் சொத்தும் ஈடாக வேண்டும். எல்லை கட்டுவதானால் நம் வீட்டுப் பட்டினிக்குக் கட்டட்டும்!